சம்பளக்காரருக்குத்தான் அதிக வரியா?

கேள்வி: என் ஆண்டுச் சம்பளம் 15 லட்சம் ரூபாய். என் மச்சானுக்கு வேலை கிடையாது. வாங்கி வைத்த பங்குகளை விற்றே அதே அளவு லாபம் பார்க்கிறார். அவருக்கு 12.5 சதவீதம்தான் வரி, சம்பளத்துக்கோ 30 சதவீதம் வரை. இது நியாயமா? நானும் பங்குக்கு மாறிவிடலாமா?

பதில்: கோபம் சரி, கணக்கு சரியில்லை. புதிய வரி முறையில், 2025-26 நிதியாண்டுக்கு, சம்பளக்காரருக்குக் கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போக உங்களுக்கு வரும் வரி, செஸ் (வரித் தொகையின் மேல் போடும் சிறு கூடுதல் வரி) சேர்த்து 97,500 ரூபாய். மச்சான் பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றார் என்றால், அடிப்படை விலக்கு 4 லட்சமும் நீண்டகால லாபத்துக்கான விலக்கு 1.25 லட்சமும் கழித்து, அவர் கட்ட வேண்டியது 1,26,750. உங்களைவிட அதிகம்!

ஏறக்குறைய 20 லட்சத்தில் இருவரும் சமமாகிறீர்கள். அதற்கு மேலேதான் தராசு சாய்கிறது. 50 லட்சம் சம்பளத்துக்கு வரி கிட்டத்தட்ட 11 லட்சம். அதே அளவு பங்கு லாபத்துக்கு 5.82 லட்சம். 2 கோடியைத் தாண்டினால் சர்சார்ஜ் (பெரிய வருமானத்துக்கு வரியின் மேல் போடும் கூடுதல் வரி), செஸ் எல்லாம் சேர்ந்து சம்பளத்தின் உச்ச விகிதம் 39 சதவீதம். நீண்டகாலப் பங்கு லாபத்துக்கு சர்சார்ஜ் 15 சதவீதத்தோடு நின்றுவிடுவதால் 14.95 சதவீதம்தான். ஆக, உங்கள் கேள்வி நியாயமானதே, ஆனால் அதை உங்கள் மச்சானிடம் கேட்கக் கூடாது.

கம்பெனி தன் லாபத்துக்கு ஏற்கெனவே வரி கட்டிவிட்டது, அதனால்தான் பங்கு லாபத்துக்கு இந்தச் சலுகை என்பார்கள். அப்படியானால் கம்பெனி பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் டிவிடெண்டும் வரி கட்டிய லாபத்திலிருந்து வருவதுதானே? அதற்கு 2020 ஏப்ரல் முதல் சம்பளத்தைப் போலவே அவரவர் வரி அடுக்குப்படி வரி. என்னைக் கேட்டால், அந்த வாதம் அங்கேயே உடைகிறது. பணவீக்கத்தைக் காட்டிச் சலுகை கேட்பதும் அப்படித்தான். வங்கி டெபாசிட் வட்டியையும் அது அரிக்கிறது, ஆனால் வட்டிக்கும் அடுக்குப்படிதான் வரி.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வரிக்காக மட்டும் பங்குக்குப் போகாதீர்கள். உங்கள் உச்ச அடுக்கு 15 சதவீதம், 12.5-க்கும் அதற்கும் பெரிய இடைவெளி இல்லை. ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம், அது உங்கள் அடுக்கைவிட அதிகம். ஏற்கெனவே பங்கோ ஈக்விட்டி ஃபண்டோ இருந்தால், ஓராண்டு கடந்ததில் 1.25 லட்சம் லாபம் வரும் அளவுக்கு ஒவ்வொரு மார்ச்சுக்குள்ளும் விற்றுத் திரும்ப வாங்குங்கள். அந்த லாபத்துக்கு வரியே இல்லை, பயன்படுத்தாவிட்டால் அந்த ஆண்டோடு போச்சு.