புது போர்வெல்லுக்கு முன் பழைய வாஷர்: வறட்சிப் பணி கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி தண்ணீரைப் பற்றி, மீதி பணத்தைப் பற்றி. எத்தனை பேர், எந்த மாதம், தண்ணீர் எவ்வளவு தூரம் என்று எதுவும் எழுதாமல் வந்த நாலைந்தை ஒதுக்கிவிட்டேன். ஒன்றை மட்டும் மற்றவர்கள் பார்க்கட்டும் என்று சேர்த்திருக்கிறேன்.

கே: வறட்சிக்கும் பஞ்சத்துக்கும் என்ன வேறுபாடு?

வறட்சி மழைக்கணக்கு. பஞ்சம் சாவுக்கணக்கு. ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவே இல்லை, குழந்தைகளில் 30 சதவீதம் பேருக்குத் தீவிர ஊட்டச்சத்துக் குறைவு, பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு சாவு. இவ்வளவும் ஆனால்தான், உணவு நெருக்கடியைத் தரம் பிரிக்கும் ஐபிசி என்ற பன்னாட்டு அளவுகோலில் பஞ்சம் என்று எழுதுவார்கள்.

கே: நிதி தருபவர்கள் முறையான அறிவிப்பு வரட்டும் என்கிறார்கள். அதற்கு முன் எதை வைத்து வேலையைத் தொடங்குவது?

மேலே சொன்ன கணக்கைப் படித்தீர்கள் அல்லவா? அது வரட்டும் என்று உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு சோமாலியா இருக்கிறது. அங்கே பஞ்சம் அறிவிக்கப்பட்டது 2011 ஜூலை 20. மொத்தம் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அறிவிப்பு வருமுன்பே போய்விட்டார்கள். எச்சரிக்கை அறிக்கைகளோ முந்தைய ஆண்டிலிருந்தே மேசைமேல் கிடந்தன.

நான் முதலில் பார்ப்பது சந்தையை. ஓர் ஆட்டை விற்ற காசுக்கு எத்தனை கிலோ தானியம் கிடைக்கிறது என்று வாரா வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். தீவனம் குறைந்ததும் எல்லாரும் ஆட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வருவார்கள், ஆட்டு விலை இறங்கும். அதே நேரத்தில் தானிய விலை ஏறும். இரண்டும் எதிரெதிராக நகர்வதால் இந்த ஒரு எண் மற்ற எதையும்விட முந்திக்கொள்ளும். வழக்கமான பருவத்தில் கிடைப்பதில் பாதியாக இறங்கிவிட்டால் அறிவிப்புக்குக் காத்திருக்காதீர்கள். குழந்தைகளின் மேல்கையை நாடாவால் அளப்பதும் அவசியம்தான் (115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் உடனே சிகிச்சை), ஆனால் நாடா சிவப்பைக் காட்டும்போது ஏற்கெனவே தாமதம்.

கே: எங்கள் கிராமத்துக்கு எத்தனை லாரி தண்ணீர் தேவைப்படும்? உடனே பதில் தரவும்.

உடனே தருகிறேன்: தெரியாது. கிராமத்தில் 300 பேரா, 3,000 பேரா? லாரி 5,000 லிட்டரா, 10,000 லிட்டரா? ஆடு மாடு உண்டா? ஒன்றும் எழுதவில்லை.

கணக்கை நீங்களே போடலாம். குடிக்க, சமைக்க, கை கால் கழுவ ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்பது, நிவாரணப் பணிக்கான பன்னாட்டுக் கையேடான ஸ்பியரின் குறைந்தபட்ச அளவு. 3,000 பேர் என்றால் 45,000 லிட்டர், பெரிய லாரியில் ஐந்து நடை. கால்நடைக்கு மாட்டுக்கு 30, ஆட்டுக்கு 5 லிட்டர் என்று தனியாகக் கூட்டுங்கள். கூட்டாவிட்டால் மனிதருக்குக் கொண்டுவந்ததை மாடு குடிக்கும். மனிதர்களே குடிக்க வைப்பார்கள், அதில் தப்பும் இல்லை. தண்ணீரை இறக்குமிடத்தில் கிருமி கொல்லப் போட்டதில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று. லாரியைக் கூப்பிடுமுன் ஊரில் ஓடாமல் நிற்கும் அடிபம்பு எத்தனை என்று எண்ணினீர்களா? புதிதாக எதையும் செய்யுமுன் பழையதைப் பழுது பாருங்கள்.

கே: கிணற்றுத் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது. பரிசோதனை தேவையா?

ஃபுளூரைடும் ஆர்சனிக்கும் கண்ணாடிபோலத்தான் இருக்கும். தேவை.

கே: மாடுகள் எழுந்து நிற்கவே முடியாத நிலை. தீவனத்துக்குக் கொஞ்சம் நிதி வந்திருக்கிறது. எல்லாக் குடும்பங்களுக்கும் சமமாகப் பிரிப்பது எப்படி?

சமமாகப் பிரித்தால் எல்லா மாடும் சமமாகச் சாகும். இருக்கிற தீவனத்தைச் சினைக்கும் கறவைக்கும் ஒதுக்குங்கள், குடும்பத்துக்கு இரண்டோ மூன்றோ. மழை வந்தபின் மந்தை மறுபடி பெருகுவது அவற்றிலிருந்துதான். மற்றவற்றை உடம்பில் கறி இருக்கும்போதே விற்றிருக்க வேண்டும். அதற்கு வியாபாரிக்கு வண்டி வாடகையில் ஒரு பங்கு கொடுத்தால்கூடப் போதும், அவரே வந்து ஓட்டிக்கொண்டு போவார். நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் அந்தக் காலம் இரண்டு மாதத்துக்கு முன்பே கடந்துவிட்டது. இனி செய்யக்கூடியது, நிற்க முடியாதவற்றை நிறுவனமே வாங்கி, நோயில்லாததை அறுத்து, கறியை அதே ஊர்க் குடும்பங்களுக்குக் கொடுப்பது.

கென்யாவின் மர்சபிட் பகுதியில் 2010 முதல் ஒரு காப்பீடு இருக்கிறது. செத்த மாட்டை யாரும் எண்ணுவதில்லை. மேய்ச்சல் நிலத்தின் பச்சையைச் செயற்கைக்கோள் அளக்கிறது, அது ஒரு வரம்புக்குக் கீழே போனால் பணம். முதலில் மாடு செத்திருக்கும் காலத்தில் பணம் வந்தது. பிறகு, தீவனம் வாங்கிக் காப்பாற்றக்கூடிய காலத்துக்கு அதை முன்னே நகர்த்தினார்கள். நான் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

கே: தானியம் கொடுப்பதா, பணம் கொடுப்பதா?

கடையில் சரக்கு இருந்தால் பணம். கடையே காலி என்றால் தானியம். எத்தியோப்பியா 2005இல் தொடங்கிய திட்டத்தில் இரண்டும் உண்டு. பல லட்சம் பேருக்கு, ஆண்டுதோறும், பசிமாதம் வருமென்று தெரிந்தே கொடுக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் ‘ஒரு தடவை’ என்று இருக்கிறது. ஒரு தடவை கொடுப்பது நிவாரணம், அதை ‘தாங்குதிறன் வளர்ப்பு’ என்று திட்ட அறிக்கையில் எழுதாதீர்கள்.

கே: எங்கள் நிறுவனம் 40 ஆழ்துளைக் கிணறுகள் போட்டு அடிபம்பு வைத்துக் கொடுத்தது. மூன்றே ஆண்டில் பாதி ஓடவில்லை. மக்களுக்குப் பொறுப்புணர்ச்சி இல்லை. அவர்களுக்கு எப்படி விழிப்புணர்வு ஏற்படுத்துவது? இன்னும் 20 கிணறுகளுக்கு நிதி கேட்டிருக்கிறோம்.

இந்தக் கடிதம் ஆண்டுக்கு நான்கு தடவை வருகிறது. கையெழுத்து மட்டும்தான் மாறும்.

முதலில் ஒரு செய்தி. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே 2009இல் தொகுத்த கணக்கில், அடிபம்புகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஓடாமல் நின்றன. அத்தனை நாட்டிலும் அத்தனை ஊரிலும் ஒரே நேரத்தில் பொறுப்புணர்ச்சி வற்றிப்போனதா?

ஒரு தடவை ஏழு மாதமாக நின்றிருந்த பம்பு ஒன்றைத் திறந்தோம். மேல்மூடியைக் கழற்றி, குழாயை ஒவ்வொன்றாக இறுக்கிப் பிடித்து ஆறு பேர் மேலே இழுத்தோம். மதியத்துக்கு சிலிண்டர் கைக்கு வந்தது. உள்ளே, உள்ளங்கையில் அடங்குகிற கிண்ண வாஷர், ஓரம் தேய்ந்து கந்தலாகிக் கிடந்தது. அவ்வளவுதான் பழுது. அந்த ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு வீடு வசூலித்த பணம் ஒரு பால்பவுடர் டப்பாவில் அப்படியே இருந்தது. வாஷர் விற்கிற கடை ஒன்றரை நாள் பயணத்தில். அங்கே போய் ஒருவர் வாங்கியும் வந்திருக்கிறார், வேறு மாடல் பம்பின் வாஷரை! ஏனென்றால் அந்த வட்டாரத்தில் மூன்று நிறுவனங்கள் மூன்று மாடல் பம்பு வைத்திருந்தன. பம்பின் அடியில் கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருந்தது. அதன் விலையில் இருபது வருடத்துக்கு வாஷர் வாங்கியிருக்கலாம்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள், விழிப்புணர்வு யாருக்கு வேண்டும்?

வைத்தது இந்தியா மார்க் 2 மாடல் அடிபம்பு என்றால் வாஷர் மாற்றக் குழாய் முழுவதையும் உருவ வேண்டும். அதற்குத் தூக்கும் கருவியும் பழகிய ஆளும் வேண்டும். மார்க் 3இல் குழாய் அகலம், பிஸ்டனை மட்டும் ராடோடு மேலே எடுத்துவிடலாம், ஊர்க்காரர்களே செய்வார்கள். தண்ணீரில் அமிலத்தன்மை இருந்தால் இரும்புக் குழாய் சில ஆண்டிலேயே அரித்து, தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். பெண்கள் சமைக்க முடியாமல் பழைய குட்டைக்கே திரும்பிவிடுவார்கள். உங்கள் பதிவேட்டில் அதுவும் ‘மக்கள் பயன்படுத்துவதில்லை’ என்று ஏறும். இன்னொரு கணக்கு: ஒரு பம்பு மணிக்கு சுமார் 1,000 லிட்டர் தரும், 500 பேருக்கு 7,500 லிட்டர் வேண்டும். ஏழெட்டு மணிநேரம் நிற்காமல் அடிக்க வேண்டும். நீங்கள் ஒரு பம்புக்கு எத்தனை பேர் என்று கணக்குக் காட்டியிருக்கிறீர்கள்? எழுதவில்லை. ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் அந்த வாஷர் தேய்ந்ததில் என்ன ஆச்சரியம்?

20 புதிய கிணற்றுக்கு எழுதிய விண்ணப்பத்தைத் திரும்ப வாங்குங்கள். நின்றுபோன 20 பம்பையும் திறந்து பாருங்கள். வட்டாரம் முழுக்க ஒரே மாடல் ஆக்குங்கள். பக்கத்துச் சந்தை ஊரில் சைக்கிள் கடைக்காரர் ஒருவரிடம் வாஷர், ராடு, பேரிங், செயின் இருப்பு வைக்க ஏற்பாடு செய்யுங்கள், அவருக்கு லாபமும் இருக்கட்டும். பழுது பார்ப்பவருக்குப் பம்புக் கணக்கில் மாதக்கூலி கொடுங்கள். இதற்குத் திறப்பு விழா இருக்காது, புகைப்படமும் நன்றாக வராது.

கே: வறட்சியைத் தாங்க ஒரு லட்சம் மரக்கன்று நடப்போகிறோம். எந்த மரம் நல்லது?

யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? நைஜர் நாட்டின் மராடி பகுதியில் 1983 வாக்கில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் நிபுணர் கன்று நடுவதைக் கைவிட்டார். வயலில் வெட்டுண்டு கிடந்த அடிக்கட்டைகளின் வேர் உயிரோடு இருப்பதைப் பார்த்து, துளிர்த்ததில் நல்ல நாலைந்து கொம்பை விட்டு மற்றதைக் கழித்துவிடச் சொன்னார். அந்த நாட்டில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் இப்படி மரம் திரும்பியிருக்கிறது. மரம் உழவருடையது என்ற நிலை வந்ததும் அதற்குப் பெரிய காரணம். புர்கினா ஃபாசோவின் உழவர் யாகூபா சவடோகோ, விதைக்கத் தோண்டும் பழைய ‘ஸாய்’ குழியை எடுத்து ஆழப்படுத்தி எரு போட்டார். கோடையிலேயே தோண்டிவைத்தால் கறையான் வந்து மண்ணைத் துளைத்துவிடும், முதல் மழை உள்ளே இறங்கும். அவருக்கும் முதலில் ஊரில் பைத்தியக்காரர் என்றுதான் பெயர். நடுமுன் தரையில் என்ன உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். பழையதைப் பழுது பார்ப்பது மண்ணுக்கும் பொருந்தும்.

கே: அறிக்கையில் ‘பருவநிலை மாற்றத்தால் வந்த வறட்சி’ என்று எழுதலாமா?

ஆராய்ந்திருந்தால் எழுதலாம். 2020 முதல் 2022 வரை ஆப்பிரிக்கக் கொம்பில் (சோமாலியா, எத்தியோப்பியா, கென்யா) ஐந்து மழைப் பருவம் தொடர்ந்து பொய்த்தபோது, வானிலைப் பேரிடரில் பருவநிலை மாற்றத்தின் பங்கை ஆராயும் வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் குழு கணக்கிட்டது: புவி சூடாகாதிருந்தால் அந்த அளவு வேளாண் வறட்சி வரும் வாய்ப்பு இப்போது இருப்பதில் நூறில் ஒரு பங்குதான் இருந்திருக்கும். மழைக்குறைவைவிட, வெப்பம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சியதுதான் பெரிய வேலையைச் செய்தது. அதே குழு 2021இல் தென் மடகாஸ்கரை ஆராய்ந்தது. அதை உலகின் முதல் பருவநிலைப் பஞ்சம் என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்த நேரம். ஆய்வில் வந்ததோ, வறுமையும் மழையை மட்டுமே நம்பிய பிழைப்பும்தான் முக்கியக் காரணம் என்று. வானத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டால் ஓடாத பம்பைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், அந்த வசதிக்காக எழுதாதீர்கள்.

கே: தண்ணீர்க் குழுக் கூட்டத்துக்குப் பெண்கள் வருவதே இல்லை. என்ன செய்யலாம்?

கூட்டம் எத்தனை மணிக்கு? காலை எட்டுக்கு என்றால் அவர்கள் வரிசையில் குடத்தோடு நிற்கிறார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு பம்படிக்குப் போங்கள், வரிசை நகர்வதற்குள் கூட்டமே முடிந்துவிடும். போகிற போக்கில் பம்புக் கொட்டகைச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.