கோலாலம்பூர்க் காற்றில் இவ்வளவு ஈரம் இருந்தும் எக்ஸிமா உள்ளவர்களுக்குத் தோல் ஏன் வறண்டு போகிறது?

எனக்கும் ரொம்ப நாள் இதே சந்தேகம்தான். சின்ன வயதிலிருந்து எக்ஸிமாவோடு குடித்தனம் நடத்துகிறேன். அம்மா இன்னமும் கரப்பான் என்றுதான் சொல்வார். செந்தூலில் வீடு. வாசலைத் தாண்டினாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அலுவலகத்தில் கையை மடக்கி நீட்டினால் கறுப்புக் கால்சட்டை மேல் அரிசி மாவு தூவியதுபோல் செதில் உதிரும்.

காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் அதைப் பிடித்துவைக்கத் தோலில் ஆள் வேண்டும். மேல்தோலில் ஃபிலாக்ரின் என்றொரு புரதம் உண்டு. அது உடைந்து வரும் அமினோ அமிலங்களும், கூடவே யூரியா, லாக்டேட் போன்றவையும் சேர்ந்துதான் தண்ணீரை இழுத்துவைக்கின்றன. எக்ஸிமாக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தப் புரதத்துக்கான மரபணுவிலேயே பழுது. 2006இல்தான் இது தெரியவந்தது. மரபணு சரியாக இருந்தாலும் அழற்சி வந்துவிட்டால் புரதம் குறைந்துவிடும். செல்களுக்கு இடையில் பூச்சாக இருக்கும் செராமைடு என்ற கொழுப்பும் குறைவு. கீறல் விட்ட குடத்தை மழையில் வைத்தால் நிறையுமா?

இந்த மரபணுப் பழுது உள்ளவர்களுக்கு உள்ளங்கை ரேகைகள் அதிகமாக, ஆழமாக இருக்கும். பத்துமலையில் ஒரு கைரேகைக்காரர் என் கையைப் பார்த்து, "நிறைய அலைச்சல்" என்றார். தோல் டாக்டர் அதே கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருக்கிறதா?" என்று கேட்டார். அப்பாவுக்கு இருக்கிறது. ஆஸ்துமாவும் எக்ஸிமாவும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவதுண்டு, அதனால்தான் அந்தக் கேள்வி.

வியர்வையை ஈரம் என்று நம்பாதீர்கள். அது உப்பு, வெடித்த இடத்தில் பட்டால் எரியும், அரிக்கும். வெளியே வியர்த்து, உள்ளே எட்டு மணி நேரம் ஏர்கோனில் காய்வதுதான் நம் ஊர்க் கொடுமை. சவர்க்காரம் வேறு, காரத்தன்மையால் இருக்கிற கொஞ்சத்தையும் கழுவிவிடும்.

ஒரு கிளினிக்கில், வறண்ட தோலுக்குப் பூசும் அக்குவஸ் கிரீம் என்ற வெள்ளைக் கிரீமைப் பெரிய டப்பாவாகக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் பூசினேன், பூசும்போதெல்லாம் எரிச்சல். பழகிவிடும் என்று நினைத்தேன். பல அக்குவஸ் கிரீம்களில் சோடியம் லாரில் சல்ஃபேட் இருக்கிறது, அதாவது நுரை வரவைக்கும் பொருள்! எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு இது எரிச்சல் தரலாம் என்று 2013இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்தது. டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்து, துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் பூசிவிடுகிறேன். இரவில் பெட்ரோலியம் ஜெல்லி. பகலில் அது பிசுபிசுக்கும், அதனால் செராமைடு கிரீம். யூரியா கிரீமும் நல்லதுதான், ஆனால் வெடிப்பு ஆறிய பிறகு. அப்புறம், சிவந்து அரிக்கும்போது வெறும் கிரீம் போதாது, டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை அவர் சொன்ன நாள்வரை போடுங்கள். மஞ்சளாக நீர் கசிந்தால் வேப்பிலையை அரைத்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டிவிடுங்கள்.