கேம்பர் வேனில் கேசட் கழிப்பறை: இருவருக்கு ஒத்துவருமா?

ஜெர்மனியிலும் பிரான்சிலும் படுக்கை வசதியுள்ள வாடகை கேம்பர் வேனில் இரண்டு வாரம் சுற்றவிருக்கும் இருவருக்குக் கேசட் கழிப்பறை போதுமா, நாற்றம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதும். கழிப்பறை இருக்கைக்குக் கீழே உள்ள கழிவுப்பெட்டியே கேசட். வேனின் வெளிப்புறத்தில் உள்ள சிறு கதவைத் திறந்து அதை இழுத்தெடுக்கலாம். பரவலாகக் காணப்படும் தெட்ஃபோர்டு நிறுவன வகைகள் ஏறத்தாழ 18 லிட்டர் கொள்வதால், இருவர் முழுமையாகப் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும். நிரம்பிய பெட்டி 20 கிலோ அளவுக்குக் கனக்கும் என்பதால், நிரம்பியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திராமல், வாய்ப்புக் கிடைக்கும்போதே காலிசெய்வது நல்லது.

ஜெர்மனியில் ஷ்டெல்பிளாட்ஸ் எனப்படும் கேம்பர் நிறுத்தங்களிலும் பிரான்சின் கேம்பர் நிறுத்தங்களிலும் பெரும்பாலும் இதற்கென்றே கொட்டுமிடம் உண்டு. மழைநீர் வடிகாலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள், அது நேரே ஆற்றில் கலக்கக்கூடும். ஊற்றும்போது காற்றுத் துளைப் பொத்தானை அழுத்திக்கொண்டால் கழிவு தெறிக்காமல் சீராக இறங்கும். பலர் மறப்பது இதைத்தான். பிறகு அலசி, சிறிது நீரும் நாற்றத்தைக் கட்டுப்படுத்தும் கழிப்பறை மருந்துத் திரவமும் அளவாக விட்டுப் பொருத்துங்கள்.

கேசட்டை மூடும் தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய்ந்தாலோ அழுக்கேறினாலோ கசிவும் நாற்றமும் தொடங்கும். அதைத் துடைத்துச் சிலிக்கான் எண்ணெய் தடவுங்கள். வாசலின் தடவினால் ரப்பர் கெட்டுவிடும்.