சி.ஆர்.பி. 14ல இருந்து 1.3 ஆச்சு, இன்ஹேலர நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர், எங்களுக்கு கருங்கல் பக்கம். அம்மாவுக்கு 62 வயசு, பீடி சிகரெட் பக்கமே போனதில்ல, ஆனா சின்ன வயசுல இருந்து அடுப்புப் புகையில அக்கானி (பதநீர்) காய்ச்சி கருப்பட்டி போட்டவங்க. போன வருஷம் ஊதுற டெஸ்ட் எடுத்து சி.ஓ.பி.டி.ன்னு (மூச்சுக்குழாய் நாள்பட சுருங்குற நோய்) சொல்லி இன்ஹேலர் குடுத்தாங்க. மார்த்தாண்டம் லேப்ல ரத்தத்துல வீக்கத்த காட்டுற சி.ஆர்.பி. 14 இருந்தது, இப்போ நாகர்கோவில் லேப்ல 1.3. அதே மாதிரி இன்னொரு ரத்த டெஸ்ட், இ.எஸ்.ஆர். மட்டும் 45. வீக்கம் போயிட்டு, இனி இன்ஹேலர் வேண்டாம்னு தம்பி சொல்லுதான். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீங்கம்மா. நீங்க அனுப்புன ரெண்டு பேப்பர்லயும் நம்பருக்கு அடுத்தாப்ல பொடி எழுத்துல இருக்கத பாருங்க, ஒண்ணு லிட்டருக்கு இத்தன மில்லிகிராம், இன்னொண்ணு டெசிலிட்டருக்கு. லிட்டர்ல பத்துல ஒரு பங்குதான் டெசிலிட்டர், அதனால 1.3ஐ பத்தால பெருக்கினா 13. அப்போ 14, 13, ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான், எதுவும் குறையல.

சரி, உண்மையிலேயே குறைஞ்சிருந்தாலும் நான் இதத்தான் சொல்லியிருப்பேன். சி.ஆர்.பி. நுரையீரல்ல உண்டாகுற சாதனமே இல்ல, உடம்புல எங்க அழற்சி, அதான் நீங்க சொல்ற வீக்கம், வந்தாலும் கல்லீரல் அத ரத்தத்துல விடும், சொத்தப்பல்லு, ஈறு வீக்கம், மூத்திரக் கிருமி, வயித்துல கூடுன கொழுப்பு எல்லாத்துக்கும் இது கொஞ்சம் ஏறும். ஊர்ல எங்கயோ சத்தம் கேக்குதுன்னு சொல்லும், எந்த வீட்டுலன்னு சொல்லாது. இ.எஸ்.ஆர். அதவிட மோசம், வயசானாலும் ஏறும், ரத்தம் குறஞ்சாலும் ஏறும். அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 10தான் இருக்கு, அந்த 45க்கு அதுவே பாதி காரணமா இருக்கலாம், அத மொதல்ல கவனிங்க.

நார்மலா வந்துட்டா நோய் இல்லன்னும் அர்த்தம் இல்ல. 2012ல வெளிவந்த எக்ளிப்ஸ் ஆய்வுல சி.ஓ.பி.டி. உள்ளவங்க ரத்தத்துல சி.ஆர்.பி., ஃபைப்ரினோஜன்னு ஆறு குறியீடு பாத்தாங்க, பத்துல மூணு பேருக்கு ஒண்ணுமே கூடல. அதே ஆய்வுல எப்பவும் கூடியே இருந்தவங்களுக்கு இழுப்பு அடிக்கடி வந்தது, உயிருக்கும் ஆபத்து கூடுதலா இருந்தது, அதனால இது வீண் டெஸ்ட்டுன்னும் சொல்ல மாட்டேன். ஆனா நோய முடிவு பண்றது ஊதுற டெஸ்ட்தான். மாசாமாசம் சி.ஆர்.பி.க்கு காசு செலவழிக்காதீங்க.

அது உபயோகப்படுற நேரம் ஒண்ணு உண்டு, இழுப்பு திடீர்னு கூடும்போது. அப்போ லிட்டர் கணக்குல 20க்கு கீழ இருந்தா ஆன்ட்டிபயாட்டிக்கால பெரிசா பலன் இருக்காது, 40க்கு மேல போனா தேவைப்படலாம், நடுவுல இருந்தா சளி மஞ்சளா பச்சையா மாறிச்சான்னு பாத்து டாக்டர் முடிவு பண்ணுவார். பிரிட்டன்ல இப்படி பாத்து குடுத்தப்போ ஆன்ட்டிபயாட்டிக் எடுத்தவங்க நூத்துக்கு 77ல இருந்து 57 ஆச்சு, யாருக்கும் கெடுதல் கூடல, 2019ல வந்த ஆய்வு அது. அதனால சளி கூடுனா மெடிக்கல்ல நீங்களா மாத்திரை வாங்கிக் குடுக்காதீங்க.

நான் அந்த பேப்பர்ல தேடுன நம்பர் வேற, ஈசினோபில், ரத்தத்துல உள்ள ஒரு வக வெள்ளணு. யாரும் கண்டுக்கிடாம ஓரமா கிடக்கும். மொத்த எண்ணிக்கை 300 தாண்டுனா ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் நல்லா வேலை செய்யும், 100க்கு கீழன்னா பலன் ரொம்ப கம்மி, நிமோனியா பயம் வேற. அம்மாவுக்கு 340, ஸ்டீராய்டு மாத்திரை எடுக்காத நேரத்துல எடுத்ததான்னு மட்டும் கேட்டுக்கிடுங்க, மாத்திரை அத குறைச்சுக் காட்டும். குடல் புழு, அலர்ஜி இருந்தாலும் இது ஏறும், அதையும் டாக்டர்ட்ட சொல்லுங்க.

வீட்டுல இப்பவும் கொதும்பும் கதம்பலும் (தென்னம்பாளையும் தேங்கா மட்டையும்) எரிச்சு, அந்தப் புகையில வெந்நீர் போடுறது அம்மாதானா? அத இன்னைக்கே வேற ஆள்ட்ட விடுங்க. இன்ஹேலர் அடிச்ச பொறவு வாய் கொப்பளிக்கணும், அத எப்படி அடிக்காங்கன்னு அடுத்த தடவ டாக்டர் முன்னாடியே அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. நிமோனியா தடுப்பூசியும் வருஷாவருஷம் ஃப்ளூ ஊசியும் போட்டாச்சான்னும் கேளுங்க.

ஒரு வாக்கியத்த முழுசா சொல்ல முடியாம மூச்சு வாங்குனா, உதடு நீலமா ஆனா, அரை மயக்கமா பேசுனா எந்த லேப்புக்கும் போக வேண்டாம், 108ஐ கூப்பிட்டு நேரா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு கொண்டு போங்க.