மாரி வந்தால் படகில் தண்ணீர், பற்றரியும் காலி

கேள்வி: கொக்கிளாய்க் களப்பில் 18 அடி பைபர் படகு கட்டி வைத்திருக்கிறேன். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற எஞ்சின். லைற்றுக்கும் தண்ணீர் இறைக்கிற பம்புக்கும் ஒரு 12 வோல்ட் பற்றரி. மாரி தொடங்கினதில் இருந்து விடிய வந்து பார்த்தால் பற்றரி இறங்கிக் கிடக்கிறது, படகுக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பெரிய பற்றரி வாங்குவதா, பெரிய பம்ப் வாங்குவதா?
வாசகர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம், முதலில் படகின் அடியைக் கழுவுங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். உங்கள் படகு ஏறக்குறைய 8 சதுர மீற்றர் வரும், இரவில் 100 மில்லிமீற்றர் கொட்டினால் 800 லீற்றர், அதாவது 800 கிலோ பாரம். மணிக்கு 500 கலன் (ஏறக்குறைய 1,900 லீற்றர்) என்று எழுதியிருக்கிற சின்னப் பம்ப், குழாயில் மேலேற்றும்போது பாதிதான் இறைக்கும் என்று வைத்தாலும் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். அது இழுப்பது 2 அம்பியர் அளவில்தான். நல்ல பற்றரிக்கு அது பெரிய காரியமே இல்லை.

என் சந்தேகம், தண்ணீர் ஏறினால் பம்பைத் தானாக ஓட வைக்கிற மிதவைச் சுவிச்சில். வலை நூலும் செதிலும் மணலும் மிதவைக்கு அடியில் சிக்கினால், தண்ணீர் போன பிறகும் அது கீழே இறங்காது, பம்ப் வெறுமனே ஓடி ஓடிப் பற்றரியைக் காலி பண்ணும், அப்புறம் அடுத்த மழை வரும்போது இறைக்க ஆளில்லை. மிதவையைக் கையால் தூக்கி விட்டுப் பாருங்கள்: தூக்கினால் ஓட வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். பம்பின் சல்லடையையும் கழற்றிக் கழுவுங்கள்.

அதிலும் பிழை இல்லையென்றால் வயர் இணைப்பைப் பாருங்கள். வெறும் ரேப் சுற்றிய இணைப்புக்குள் உப்புத்தண்ணீர் புகுந்து செம்பு பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். பம்ப் ஓடும்போது பற்றரியிலும் பம்ப் வயரிலும் வோல்ட் அளந்து, அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த இணைப்பை வெட்டி எறிந்துவிட்டு, வெள்ளீயம் பூசிய வயரும் சூட்டில் சுருங்கி ஒட்டுகிற உறையும் போட்டுப் புதிதாகச் செய்யுங்கள். மிதவை வயர் மெயின் சுவிச் வழியாகப் போகக் கூடாது, போனால் நீங்கள் சுவிச்சை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிற இரவில் பம்பும் நின்றுவிடும். பற்றரியில் இருந்து நேராக, தனிப் பியூஸோடு வர வேண்டும், பியூஸ் பற்றரிக்குக் கிட்டவே இருக்கட்டும்.

இன்னொன்று, கயிறு இழுக்கிற எஞ்சின்கள் பெரும்பாலும் பற்றரியைச் சார்ஜ் செய்வதில்லை. கரையில் சார்ஜ் போடுங்கள், அல்லது சின்ன சோலார் தகடும், சார்ஜ் மிஞ்சாமல் பார்க்கிற கொன்றோலரும் பூட்டுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்த பற்றரி, 12.2 என்றால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஈயப் பற்றரி சீக்கிரம் செத்துவிடும்.

அடியில் பெற்றோல் மணத்தால் எந்தச் சுவிச்சையும் தொடாதீர்கள். அதன் ஆவி காற்றைவிடப் பாரம், கீழேயே தங்கும், ஒரு பொறி போதும். முதலில் காற்றோட விடுங்கள், துணியால் ஒற்றி எடுங்கள், களப்புக்குள் இறைத்து ஊற்ற வேண்டாம், அங்கே இறால் வளர்கிறது.

கேள்வி: படகைக் கரையில் ஏற்றி வைத்தால், தண்ணீர் வடிகிற ஓட்டையை மூடுகிற அடித்தக்கையைக் கழற்றலாமா?
வாசகர், அளம்பில்

பதில்: கட்டாயம் கழற்றுங்கள், படகின் பின்பக்கம் பதிந்திருக்கிற மாதிரி ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் தானாகப் போய்விடும். தக்கையை எஞ்சின் கைபிடியிலேயே கட்டி விடுங்கள், அதைத் தொடாமல் படகு எடுக்க முடியாது. தக்கையின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள்.