ஓட்டுச் சீட்டு வந்துவிட்டது: 2109-க்கும் 2124-க்கும் வீட்டுக் கணக்கு என்ன?

கேள்வி: நாங்கள் வாஷிங்டன் மாநிலத்தில், பாத்தெலில் இருக்கிறோம். இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். நவம்பர் 5, 2024 தேர்தலுக்கான ஓட்டுச் சீட்டு தபாலில் வந்ததிலிருந்து வீட்டில் தினமும் வாக்குவாதம்தான். இனிஷியேட்டிவ் (மக்கள் ஓட்டுக்கு விடப்படும் சட்ட முன்மொழிவு) 2109, 2124 இரண்டுக்கும் ‘ஆம்’ போட வேண்டும் என்கிறார் கணவர். 2109 மாநிலத்தின் மூலதன ஆதாய வரியை எடுக்கச் சொல்கிறது. 2124, சம்பளத்தில் பிடிக்கும் டபிள்யூ.ஏ. கேர்ஸ் என்ற மாநிலப் பராமரிப்புக் காப்பீட்டை அவரவர் விருப்பத்துக்கு விடச் சொல்கிறது. மூலதன ஆதாய வரி இருந்தால் வீட்டை விற்கும்போது 7 சதவீதம் போய்விடும், டபிள்யூ.ஏ. கேர்ஸ் பிடித்தம் வீண் பணம் என்பது அவர் கட்சி. பள்ளிக்கூடத்துக்கும் முதியோருக்கும் போகிற பணத்தை ஏன் நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. அவருக்கு வயது 47. சம்பளம் 1,80,000 டாலர், அதற்கு மேல் வருடம் சுமார் 70,000 டாலருக்கு ஆர்.எஸ்.யு. (சம்பளத்தின் பகுதியாகக் கம்பெனி கொடுக்கும்) பங்குகள். எனக்கு வயது 44, சம்பளம் 1,20,000. 2021-ல் நண்பர்கள் எல்லோரும் தனியார் பராமரிப்புப் பாலிசி வாங்கி இந்தப் பிடித்தத்திலிருந்து விலக்குப் பெற்றார்கள். இவர் சர்க்கரைக்கு இன்சுலின் போடுவதால் கம்பெனி மறுத்துவிட்டது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. 2021-ல் கிரீன் கார்டில் வந்த என் அம்மாவும் (71) எங்களோடு இருக்கிறார், முழங்கால் வலியால் நடக்கவே சிரமப்படுகிறார். இந்தத் திட்டம் அவருக்காவது உதவுமா?

பதில் (2024 நவம்பர் தேர்தலுக்கு முன் எழுதியது): சகோதரி, முதலில் வீட்டு விஷயத்தை முடித்துவிடுவோம். வீட்டை விற்றால் இந்த மாநில மூலதன ஆதாய வரி கிடையாது. நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. 401(கே) போன்ற ஓய்வூதியக் கணக்குகளுக்கும் விலக்கு உண்டு. ஊரில் இருக்கும் மனையை விற்றாலும் இந்த மாநிலம் கை வைக்காது. (இந்தியாவில் கட்ட வேண்டியதும் ஃபெடரல் வரியும் தனிக் கணக்கு. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்த வரி 2021-ல் சட்டமாகி, 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். 2023 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் செல்லும் என்றது. ஒரு வருடத்துக்கு மேல் கையில் வைத்திருந்த பங்கு, பாண்டு போன்றவற்றை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்குத்தான் வரி. அதிலும் முதல் 2,50,000 டாலருக்கு வரி இல்லை. பணவீக்கத்துக்கு ஏற்ப ஏறும் இந்த வரம்பு 2023-ம் ஆண்டு விற்பனைக்கு 2,62,000 ஆக இருந்தது. கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே வரம்பு என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் கணவரின் ஆர்.எஸ்.யு. கைக்கு வரும் நாளில் இருக்கும் மதிப்பு சம்பளமாகவே கணக்காகிறது. அதற்குப் பிறகு விலை ஏறினால், ஏறிய பகுதி மட்டுமே ஆதாயம். ஒரே வருடத்தில் 3,00,000 டாலர் நீண்டகால லாபம் பார்த்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2023-ன் வரம்புப்படி மிச்சம் 38,000. அதற்கு 7 சதவீதம் 2,660 டாலர். பாதிப் பங்கை டிசம்பரிலும் மீதியை ஜனவரியிலும் விற்றால் அதுவும் இல்லை. இந்தப் பணத்தில் ஒவ்வொரு வருடமும் முதல் 50 கோடி டாலர் கல்வி நிதிக்கும், மிஞ்சுவது பள்ளிக் கட்டடங்களுக்கும் போகிறது. இனி வரம்பைக் குறைத்துவிடுவார்களே என்று அவர் கேட்கலாம். நியாயமான கவலைதான். ஆனால் வராத ஒன்றைப் பயந்து, இன்று உங்கள் வீட்டைத் தொடாத வரிக்காக மேஜையில் சண்டை வேண்டியதில்லை.

2124 அப்படி அல்ல. இது நிஜமாகவே உங்கள் சம்பளச் சீட்டில் இருக்கிறது.

டபிள்யூ.ஏ. கேர்ஸ் 2019-ல் சட்டமான நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு. 2023 ஜூலை முதல் சம்பளத்தில் 0.58 சதவீதம் பிடிக்கிறார்கள். சோஷியல் செக்யூரிட்டிக்கு (ஃபெடரல் ஓய்வூதியப் பிடித்தம்) இருப்பது போல இதற்கு உச்ச வரம்பு கிடையாது, ஆர்.எஸ்.யு.வுக்கும் பிடித்தம் உண்டு. ஆகவே உங்கள் கணவர் வருடத்துக்கு 1,450 டாலர் கட்டுகிறார், நீங்கள் 696 டாலர். குடும்பமாக 2,146. திரும்பக் கிடைப்பதோ, எவ்வளவு கட்டினாலும் வாழ்நாளுக்கு அதிகபட்சம் 36,500 டாலர் (பணவீக்கத்துக்கு ஏற்ப இது கூடும்). பலன் 2026 ஜூலையில் தொடங்கும். வருடம் 50,000 டாலர் சம்பாதிக்கிறவர் 290 டாலர் கட்டி அதே 36,500-க்கு உரிமை பெறுகிறார்.

அதனால் வெறும் காசுக் கணக்கில் உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதிகம் சம்பாதிக்கிறவர்கள் இதில் கொடுக்கிற பக்கம்தான். ஆனால் அவர் விலகலாம் என்றால் அவரைப் போன்ற எல்லோரும் விலகலாம். 2124 அதைத்தான் சொல்கிறது: வேண்டும் என்கிறவர் மட்டும் தொடரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். நிறையக் கட்டுகிறவர்களும் உடம்பு நன்றாக இருக்கிறவர்களும் முதலில் போவார்கள். மிஞ்சுகிறவர்களுக்குப் பிடித்தம் ஏற வேண்டும், இல்லையென்றால் பலன் குறைய வேண்டும். ஏற ஏற இன்னும் பலர் போவார்கள். இந்த நிதியைப் பங்குச் சந்தையில் போட்டு வளர்க்க அனுமதி கேட்ட மாநில அரசியல் சட்டத் திருத்தத்தையும் 2020-ல் வாக்காளர்கள் நிராகரித்துவிட்டார்கள். ஆகவே இந்தத் திட்டம் பெரும்பாலும் பிடித்தத்தை நம்பியே நிற்கிறது. 2124 ஜெயித்தால் உங்களுக்கு 2,146 டாலர் மிச்சம், ஆனால் பின்னால் திட்டம் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இன்சுலின் பற்றிய அந்த வரியைத்தான். 2021 நவம்பர் 1-க்குள் தனியார் பாலிசி எடுத்தால் விலக்கு என்றபோது, பல காப்பீட்டு நிறுவனங்கள் இந்த மாநிலத்தில் விற்பனையையே நிறுத்தும் அளவுக்குக் கூட்டம். அந்தக் கூட்டத்திலும் உங்கள் கணவருக்கு மட்டும் கதவு சாத்தப்பட்டது, அவருடைய உடல்நிலை காரணமாக. டபிள்யூ.ஏ. கேர்ஸில் உடல்நிலையை யாரும் கேட்பதில்லை. 10 வருடம் கட்டியிருக்க வேண்டும், அல்லது பலன் கேட்கும்போது கடைசி 6 வருடத்தில் 3 வருடம் கட்டியிருக்க வேண்டும். அவர் தொடர்ந்து வேலை பார்த்தால் 2026-ன் நடுவில் அந்த 3 வருடம் நிறைந்துவிடும். அவருக்கு 52 வயதில் பக்கவாதம் வந்தால் (வரக்கூடாது, ஆனால் கணக்குப் போடுகிறவன் நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும்), கேள்வி கேட்காமல் கிடைக்கும் பராமரிப்புக் காப்பீடு இது ஒன்றாகத்தான் இருக்கும். குளிப்பது, உடுத்துவது, நடமாடுவது போன்ற அன்றாடக் காரியங்களில் மூன்றுக்கு உதவி தேவைப்பட்டால் பலன் உண்டு. பார்த்துக்கொள்வது நீங்களாகவே இருந்தாலும், உரிய பயிற்சி பெற்றால் உங்களுக்கே ஊதியமாக வாங்க வழி இருக்கிறது. இந்த வீட்டில் அந்தத் திட்டம் அதிகம் தேவைப்படுகிறவர், அதை வேண்டாம் என்கிறவர்தான். இதை வாதத்தில் ஜெயிக்கிற ஆயுதமாக அவரிடம் வைக்காதீர்கள். மறுக்கப்பட்ட வலி அவருக்கு இருக்கிறது. நிதானமாக, தனியாகப் பேசுங்கள்.

அதே சமயம் 36,500 டாலரைப் பெரிதாக நம்பிவிடவும் கூடாது. உதவியாளருக்கு மணிக்கு 40 டாலர் என்று வைத்தால், வாரம் 20 மணி நேரத்துக்கு 800 டாலர். சுமார் 45 வாரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே 2124 ஜெயித்தாலும் தோற்றாலும், மாதம் 300 டாலராவது பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் இன்றே தொடங்குங்கள். விலகி மிச்சப்படும் பணம் செலவோடு செலவாகக் கரைவதைத்தான் நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால், உங்கள் திட்டத்தில் இந்தப் பலனைப் பூஜ்யம் என்றே போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டு உங்கள் உரிமை, இருவருக்கும் தனித்தனி உறை. என்னைக் கேட்டதால் சொல்கிறேன்: உங்கள் குடும்ப நிலையில் இருந்தால் நான் இரண்டுக்கும் ‘இல்லை’ போடுவேன். 2109 எடுக்கச் சொல்லும் வரியை நீங்கள் கட்டுவதே இல்லை. 2124-ல் உங்களுக்கு மிஞ்சுவதைவிட இழக்கக்கூடியது பெரியது. இன்சுலின் இல்லாத வேறொரு வீட்டுக்கு நான் வேறு பதில் சொல்லியிருக்கக்கூடும். ஒன்றைக் கவனியுங்கள்: வரியை எடுக்க வேண்டும் என்றால் ‘ஆம்’, இருக்கட்டும் என்றால் ‘இல்லை’. அவசரத்தில் மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. தபாலில் அனுப்பினால் நவம்பர் 5-க்குள் தபால் முத்திரை விழ வேண்டும், பெட்டியில் போடுவதானால் அன்று இரவு 8 மணிக்குள்.

அம்மா விஷயம். அவர் இங்கே வேலை பார்த்துப் பிடித்தம் கட்டியவர் அல்ல, அதனால் டபிள்யூ.ஏ. கேர்ஸ் அவருக்குக் கிடைக்காது. அவர் இங்கே தொடர்ந்து வசித்து வந்தால், கிரீன் கார்டு வந்து 5 வருடம் நிறையும் 2026-ல் பணம் கட்டி மெடிகேரில் (65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஃபெடரல் மருத்துவக் காப்பீடு) சேரலாம். மருத்துவருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது உதவும். குளிப்பாட்டி, கைபிடித்து நடத்தும் நீண்டகாலப் பராமரிப்புக்கு மெடிகேர் கொடுக்காது. ஆகவே நான் சொன்ன தனிக் கணக்கின் முதல் தேவை அம்மாவுக்குத்தான் வரும். அவருடைய கிரீன் கார்டில் இருக்கும் தேதியைப் பார்த்து, 5 வருடம் நிறையும் மாதத்தை இப்போதே காலண்டரில் குறித்துவையுங்கள். தாமதமாகச் சேர்ந்தால் பார்ட் பி (மெடிகேரில் மருத்துவர் செலவுக்கான பகுதி) பிரீமியத்தோடு அபராதமும் ஏறும்.