ஆண்ட்ராய்டா, ஐபோனா: ஆறு வருஷம் உழைக்குமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்தில் ஞாயிறு தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஆண்ட்ராய்டு போனில் முகப்பையே மாற்றி, அம்மாவுக்காகப் பெரிய எழுத்தில் நாலே நாலு ஐகான் வைத்திருக்கிறேன். போனுக்காக மாதாமாதம் கட்டுகிற கான்ட்ராக்ட் முடிகிறது. கடைக்காரர், "ஐபோன்தான் நீடிக்கும், 36 மாதக் கான்ட்ராக்டில் எடுங்கள்" என்கிறார். ஆறு வருஷமாவது உழைக்க வேண்டும். எதை வாங்குவது?

பதில்: கடைக்காரர் சொல்வது சில வருஷம் முன்பு வரை முழுக்கச் சரி. போன் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை, மென்பொருள் அப்டேட் எவ்வளவு காலம் வரும் என்பதை வைத்துப் பார்க்கலாம். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024இன் ஐஓஎஸ் 18 (ஐபோனை இயக்கும் மென்பொருள்) வரை அப்டேட் கிடைத்தது. அன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் பலவற்றுக்கு இரண்டு மூன்று வருஷத்தோடு சரி. இப்போது நிலைமை வேறு. கேலக்ஸி எஸ்24க்கு ஏழு வருஷ அப்டேட் என்று சாம்சங் அறிவித்தது. விலை குறைந்த கேலக்ஸி ஏ16க்கே ஆறு வருஷம்.

ஆனால் அந்த ஆறு வருஷம் நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை, மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. தீபாவளித் தள்ளுபடியில் வருகிற இரண்டு வருஷப் பழைய மாடலில் நாலு வருஷம்தான் மிச்சம். அதனால் விலையை மிச்சமிருக்கும் வருஷத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 18,000 ராண்ட் போனுக்கு ஆறு வருஷம் மிச்சம், 6,000 ராண்ட் போனுக்கு இரண்டு வருஷம் மிச்சம் என்றால், இரண்டிலும் வருஷத்துக்கு 3,000 ராண்ட்தான். எதுவானாலும் நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முகப்பு மாற்றும் விஷயத்தில் ஐபோன் முன்போல முரண்டு பிடிப்பதில்லை. 2020இல் விட்ஜெட் (முகப்பிலேயே தகவல் காட்டும் சிறு பெட்டி) வந்தது, 2024இல் ஐகானை நினைத்த இடத்தில் வைக்கவும் நிறம் மாற்றவும் வழி வந்தது. தமிழ் விசைப்பலகையில் அஞ்சல், தமிழ் 99 என்ற தட்டச்சு முறைகள் இரண்டும் உள்ளேயே உண்டு. எழுத்தைப் பெரிதாக்கலாம், ஆனால் எழுத்துருவை மாற்ற முடியாது. வேறொரு லாஞ்சர் (முகப்பை மாற்றித் தரும் ஆப்) போட்டு முகப்பையே தூக்கிவிட்டு வேறு வைக்கவும் முடியாது. நீங்கள் அம்மாவுக்குச் செய்திருப்பது அதைத்தானே? அதனால் உங்களுக்கு ஆண்ட்ராய்டுதான். அப்டேட் நீளம் அறிவித்த, போன வருஷமோ இந்த வருஷமோ வந்த நடுத்தர விலை மாடல் போதும். அடிக்கடி போனை விற்று மாற்றுகிறவராக இருந்தால் ஐபோன் என்றிருப்பேன், மறுவிற்பனையில் அதற்குத்தான் மதிப்பு.

போனின் பூட்டை உடைத்து ரூட் செய்தால், அதாவது அதன் மென்பொருளில் முழு அதிகாரம் எடுத்துக்கொண்டால், இன்னும் மாற்றலாமே என்று வகுப்புப் பையன்கள் ஆசை காட்டுவார்கள். வேண்டாம். வங்கி ஆப் திறக்க மறுக்கலாம். சாம்சங்கில் போனாலேயே பணம் கட்டும் வாலட் ஆப் நிரந்தரமாகவே நின்றுவிடும். ஹுவாவேயின் புதிய போன்களையும் யோசித்து எடுங்கள், 2019 அமெரிக்கத் தடைக்குப் பிறகு அவற்றில் கூகுள் சேவைகள் இல்லை.

கடைக்காரர் சொன்ன 36 மாதக் கான்ட்ராக்ட் விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இப்படியான ஒப்பந்தத்துக்கு உச்சம் 24 மாதம். அதைத் தாண்ட வேண்டுமானால் நீங்கள் வெளிப்படையாகச் சம்மதிக்க வேண்டும், உங்களுக்குப் பண லாபம் இருப்பதையும் அவர்கள் காட்ட வேண்டும். என்ன லாபம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 20 வேலை நாள் முன்னறிவிப்போடு நடுவில் விலகலாம், ஆனால் போனின் பாக்கியும் நியாயமான அபராதமும் உங்கள் தலையில்தான்.

கேள்வி: டர்பன் நகரக் கடையொன்றில் கூகுள் பிக்சல் மலிவாகக் கிடைக்கிறது. "இறக்குமதிச் சரக்கு, வாரண்டி கேட்காதீர்கள்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அதிகாரபூர்வ வழியில் வராத சரக்கு என்றால், அதை வாங்குபவருக்குத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அப்படி அறிவித்துவிட்டதால் கடைக்காரர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால், பழுது பார்ப்பதா, வேறு தருவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான். ரசீது தராத கடையில் மட்டும் வாங்காதீர்கள். தந்தால், மாடல் வெளிவந்த வருஷத்தைப் பார்த்துவிட்டு வாங்கலாம்.